சிரட்டை அடைத்த வாய்க்கால்

பிள்ளைகள் ஓடித்திரியும் வாசலுக்கு முன்னால் மலைவெள்ளம் போக வேண்டியிருந்தால், அந்த வாய்க்காலை மூடுவதா, திறந்து விடுவதா? பாரிஸுக்குப் போவதற்கு முன் இதற்கு என்னிடம் உறுதியான பதில் இருந்தது. போய் வந்தபின் இல்லை. வெளிநாடு போனால் தெளிவு வரும் என்று நம்பியவள் நான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மாத்தளைக்கு மேலே, மலைகள் சுற்றி நின்று ஒரு கிண்ணம் போல ஆக்கிவைத்த இடம் அது. கிண்ணத்துக்கு ஒரே ஒரு வாய். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிய பிளவு. சுற்றியுள்ள மலைகளில் விழும் மழை அத்தனையும் அந்தப் பிளவால்தான் வெளியே போக வேண்டும். கிண்ணத்தின் நடுவில் ஒரு கல்குவாரி. பிளவுக்குச் சற்று மேலே தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள், லயம். மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீரைக் குவாரிக்குள் இறங்க விடாமல் சுற்றி அழைத்துப் போக வேண்டும். குவாரிக்குள் விழும் மழை கல்மாவோடு கலந்து கஞ்சியாகிவிடும். அதைத் தனியாகக் குளத்தில் தேக்கித் தெளியவைத்துப் பிறகுதான் விடலாம். இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொள்வதுதான் கண்டியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் என் வேலை.

சிக்கல் என்னவென்றால், சுற்றி அழைத்துவரும் நல்ல தண்ணீர் பிளவை அடைய லயத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். குவாரிக்குப் பணம் போட்ட கம்பனிக்காக வரைபடம் வரைந்தவர்கள் பாரிஸில் இருந்தார்கள். "வாய்க்காலைக் கொங்கிரீட் பலகையால் மூடுங்கள், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் கம்பித் தட்டி போடுங்கள்" என்று அவர்களுக்கு நான் இரண்டு தடவை எழுதியிருந்தேன். என் மகள் ஆதிரை அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ஒரு சட்டித் தண்ணீரைக் கண்டாலும் தலையை உள்ளே விடுகிற பிள்ளை. ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதால், கடைசி முடிவைச் சொல்ல அலுவலகம் என்னையே அனுப்பியது. பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது? தூக்கிக்கொண்டு போனேன். தூக்கிக்கொண்டு போனதும் சரியா என்று விமானத்தில் வழிநெடுக யோசித்தேன். முன் இருக்கைக்காரரும் அதைத்தான் யோசித்திருப்பார்.

என் கணவரின் அக்கா சுகி மச்சாள் பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும். ஆதிரை ஒவ்வொன்றுக்கும் "கோச்சி! கோச்சி!" என்று குதித்தாள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கோச்சி வந்தால் ஒரு பிள்ளை எப்படித் தூங்கும்?

"என்ன தாரணி, இப்பிடி மெலிஞ்சு போனாய்? என்ரை தம்பி சாப்பாடு போடுறேல்லையோ?" என்று மச்சாள் கேட்டார்.

"அவர் நல்லாத்தான் சமைக்கிறார் மச்சாள்."

"பொய். அவனுக்குத் தேத்தண்ணி வைக்கவும் வராது."

மேசையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். பக்கத்திலே விருந்தாளிக்கென்று வாங்கிய பிரெஞ்சு ரொட்டி, குவாசான். ஆதிரை குவாசானைச் சொதியில் தோய்த்துத் தின்றாள். மச்சாள் ஒரு கணம் திகைத்து, தானும் தோய்த்துப் பார்த்தார். "நல்லாத்தானடி இருக்கு" என்றார். இத்தனை வருடம் பிரான்சில் இருந்தும் தனக்கு இது தோன்றவில்லையே என்று அன்றைக்கு முழுவதும் கவலைப்பட்டார்.

வெளியே இறங்கினால் முருங்கைக்காய், வல்லாரை, புடவைக் கடை, நகைக்கடை, ரெலிபோன் கடை. கண்டியில் வேலைக்கு வந்தபின் இவ்வளவு யாழ்ப்பாணத் தமிழை ஒரே தெருவில் நான் கேட்டதில்லை. "அண்ணை, உது என்ன விலை?" என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஒன்றும் வாங்கவில்லை. கேட்பதற்காகவே கேட்டேன்.

வியாழக்கிழமை முதல் கூட்டம். ஆதிரை மச்சாளிடம் நிற்க மறுத்துவிட்டாள். மச்சாள் தன் மகள் பழைய காலத்தில் பாவித்த தள்ளுவண்டியைத் தூசி தட்டித் தந்தார், புசெத் என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். "புசெத் இருந்தால் பாரிஸிலை ராணி மாதிரிப் போகலாம்" என்றார். மெத்ரோ நிலையத்தின் படிகளைப் பற்றி அவர் சொல்லவில்லை. படிக்கட்டின் அடியில் நின்று, பிள்ளையை முதலில் கொண்டுபோவதா வண்டியை முதலில் கொண்டுபோவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, தாடி வைத்த உயரமான ஒருவன் ஒரு சொல்லும் சொல்லாமல் குனிந்து, வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினான்.

"ஐயோ, என்ரை பிள்ளை!" என்று நான் கத்திய கத்தலில் படிக்கட்டே நின்றுவிட்டது. பின்பக்கத்தை விடாமல் இழுத்தேன். அவன் மேலே இழுத்தான். இப்படியே இருவரும் இழுபட்டு மேலே போய்ச் சேர்ந்தோம். வண்டியை மெதுவாக இறக்கி வைத்து, "நல்ல நாளாக அமையட்டும், அம்மணி" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, வந்த மெத்ரோவில் ஏறிப் போய்விட்டான். ஆதிரை அவனுக்குக் கைகாட்டினாள். பிறகுதான் தெரிந்தது, இங்கே இது வழக்கம். படிக்கட்டில் வண்டியோடு தாயைக் கண்டால் யாராவது வந்து முன்பக்கத்தைத் தூக்குவார்கள், கேட்கவும் மாட்டார்கள். மாலையில் வேறொரு பெண் வந்து தூக்கியபோது நான் கத்தவில்லை. "மெர்சி" என்றேன், கொஞ்சம் அதிகச் சத்தமாக.

வரைபட அலுவலகம் பாரிஸின் ஓரத்தில், ஒபர்வில்லியே பக்கத்தில், பழைய பண்டகசாலை ஒன்றின் மாடியில் இருந்தது. எலன் என்ற பெண்மணிதான் எங்கள் வரைபடத்துக்குப் பொறுப்பு. இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில் பேசினோம். மேசை முழுவதும் விரித்த தாளில் என் மலைகள் மெல்லிய கோடுகளாகக் கிடந்தன. லயத்து வாசலில் நான் கேட்டபடியே பலகை மூடிய வாய்க்கால். அதன் தலையில் கம்பித் தட்டி.

"நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் ஒரு தாய். முழுவதும் மூடிவிட்டேன். திங்கட்கிழமை நீங்கள் சரி என்றால் வேலை தொடங்கும்" என்றார் எலன்.

அங்கேயே சரி சொல்லியிருக்கலாம். கேட்டது அப்படியே கிடைத்ததும் எனக்கே ஒரு சந்தேகம் வர, வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பாலாடைக்கட்டித் துண்டைத் தாளில் சுற்றித் தந்தார், தன் ஊர்ப் பொருளாம். அதைப் பையில் பிள்ளையின் துணிகளோடு வைத்தேன். திரும்பும் மெத்ரோவில் ஒரு நாற்றம் எழும்பியது. எல்லாரும் ஆதிரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இறங்கி, நிலைய வாங்குப் பலகையில் கிடத்தி, உடை மாற்றினேன். சுத்தமாக இருந்தாள். அடுத்த வண்டியிலும் அதே நாற்றம். மறுபடி இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மச்சாள் பையைத் திறந்து, "உதுக்கோடி பிள்ளையைப் பழி சொன்னனீ?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கி, கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் கோயிலின் தேர்த்திருவிழா, அதற்காக வீடு முழுவதும் மரக்கறிச் சாப்பாடு. பாலில் செய்ததுதானே என்று அந்தக் கட்டிக்கும் இடம் கிடைத்தது. இரண்டு நாளில் முடித்துவிட்டோம்.

வெள்ளிக்கிழமை காலை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன். நடைபாதை ஓரத்தில் தெளிந்த தண்ணீர் கொப்பளித்து வந்து ஓடிக்கொண்டிருந்தது. குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே பழைய கம்பளத் துண்டு ஒன்றைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி யாரோ போட்டிருந்தார்கள். வாய்க்காலில் குப்பையைக் கண்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. வேலைப் பழக்கம். இரண்டு விரலால் தூக்கி மரத்தடியில் வைத்தேன். இடப்பக்கம் போய்க்கொண்டிருந்த தண்ணீர் சந்தோஷமாக வலப்பக்கம் திரும்பியது. அங்கே மளிகைக் கடையின் வாசலில் அப்போதுதான் சரக்கு வண்டியிலிருந்து இறக்கி, ஓரத்தில் வைத்திருந்த மட்டைப் பெட்டிகள்.

"ஆரப்பா உந்தக் கம்பளத்தைத் தூக்கினது?" கடைக்கார அண்ணை வெளியே ஓடி வந்தார்.

"நான்தான் அண்ணை. தண்ணியை மறிச்சுக்கொண்டு கிடந்தது."

"மறிக்கத்தானே தங்கச்சி போட்டது! காலமையிலை தண்ணியைத் திறந்துவிட்டு, உதாலை இஞ்சாலும் அங்காலும் திருப்பித் தெருவைக் கழுவுறவங்கள். இப்ப என்ரை வெண்டிக்காய் குளிக்குது."

இருவருமாகப் பெட்டிகளைத் தூக்கினோம். ஆதிரை மிதந்த வெண்டிக்காய்களைப் பிடித்தாள்.

"ஊரிலை என்ன வேலை பாக்கிறனீங்கள்?"

பொய் சொல்லியிருக்கலாம். "எஞ்சினியர்" என்றேன்.

"என்ன எஞ்சினியர்?"

"மழைத்தண்ணி வடிகால்."

அவர் ஈரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "எடேய், எல்லாரும் ஓடி வாங்கோடா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வடிகால் எஞ்சினியர் வந்து என்ரை கடைக்குள்ளை தண்ணி விட்டிட்டுப் போறா!" நான் கம்பளத்தை எடுத்து மறுபடி போட்டேன். முதலில் கிடந்தது போல நேர்குறுக்காகப் போடாமல் கொஞ்சம் சரித்துப் போட்டேன். தண்ணீர் ஒரு துளி சிந்தாமல் வளைந்து போனது. "அட, கெட்டிக்காரிதான்" என்றார் அண்ணை. அன்று முதல் அந்தத் தெருவில் என் பெயர் வடிகால் தங்கச்சி.

சனிக்கிழமை மோதகம் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை தேர்.

அந்தத் தேரை எப்படிச் சொல்வது! பாரிஸ் கட்டடங்களுக்கு நடுவே நாதசுவரம், காவடி, வடம் பிடிக்கும் கூட்டம். ஒரு வெள்ளைக்கார இளைஞன் வேட்டிக்கு மேலே தோல் பெல்ட் கட்டி, யாரும் கேட்காமலே வடத்தில் கை போட்டிருந்தான். தேர் வரும் வழியில் ஒவ்வொரு கடைக்கு முன்னாலும் மஞ்சள் பூசிய தேங்காய்கள் மலையாகக் குவிந்திருந்தன. தேர் நெருங்க, ஆண்கள் இரண்டு கையாலும் எடுத்து எடுத்துத் தெருவில் அடித்தார்கள். தேங்காய்த் தண்ணீர் பொறியாகப் பறந்தது. ஆதிரை என் தோளில் இருந்து "டமார்! டமார்!" என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஒரு பிரெஞ்சுப் பாட்டி காலடியில் வந்து விழுந்த தேங்காய்ப் பாதியை எடுத்து, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார். மச்சாள் பிரெஞ்சில் தலையும் காலும் இல்லாத ஒரு விளக்கம் சொல்லி, கடைசியில் தானே ஒரு துண்டைக் கடித்துக் காட்டினார்.

தேர் நாங்கள் நின்ற சந்தியைத் தாண்டியதும் இடி இடித்தது. பின்னால் வந்து கூட்டித் துப்புரவாக்குகிறவர்கள் எங்கள் சந்தியை எட்டும் முன் மழை கொட்டத் தொடங்கியது. எங்கள் ஊர் மழை. எல்லாரும் கடைக் கூரைகளின் கீழ் ஒதுங்கினோம். தெருவில் கிடந்த அத்தனை தேங்காய்ச் சிரட்டைகளும் எழும்பி, வரிசையாக ஓரத்துக்கு வந்து, ஊர்வலம் போல மிதந்து போயின. ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவை எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும்.

கடைக்கார அண்ணையின் கடைக்குப் பக்கத்து மூலையில், தெருத் தண்ணீர் நிலத்தடி வடிகாலுக்குள் இறங்கும் வாய்க்குக் கம்பி போட்டிருந்தது. முதல் சிரட்டை போய்க் கம்பியில் ஒட்டியது. இரண்டாவது அதன் பக்கத்தில். பிறகு கடகடவென்று, ஆள் வைத்து அடுக்கியது போல. மேலே ஒரு வாழையிலை வந்து படுத்ததோடு சரி, வாய் மூடிவிட்டது. தண்ணீர் நடைபாதைக்கு ஏறி, கடை வாசலுக்குள் போனது. தெருவின் எதிர்ப்பக்க மூலையில் இன்னொரு வாய், கம்பி இல்லாமல் திறந்து கிடந்தது. சிரட்டை, இலை, பூ, எல்லாவற்றையும் அது விழுங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் தெரு சுத்தமாக இருந்தது. மூடுவதா திறப்பதா என்ற என் கேள்வியின் இரண்டு பக்கங்களும் எதிரெதிரே நின்று மழையில் நனைந்துகொண்டிருந்தன.

ஆதிரையை மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன். பட்டுச் சேலையோடு முழங்காலில் நின்று சிரட்டைகளை அள்ளி எறிந்தேன். "வடிகால் தங்கச்சி இறங்கியிட்டா, பயமில்லை!" என்று அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இன்னும் சிலர் வந்தார்கள், தோல் பெல்ட் இளைஞனும் வந்தான். அள்ள அள்ள வந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அப்படி நனைந்ததில்லை.

"தாரணி!" என்று மச்சாள் அலறினார்.

ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் பிள்ளை. தட்டு சரிய, அதைப் பிடிக்கப் பிள்ளையின் கையை விட்டிருக்கிறார். ஆதிரை நேராகத் தண்ணீருக்குப் போய், திறந்த வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் முழங்கால் வரை உள்ளே. நான் தெருவைக் கடந்தது எனக்கு ஞாபகமில்லை. தூக்கியபோது அந்தக் காலில் செருப்பு இல்லை. "போச்சு!" என்று கையை விரித்துக் காட்டினாள். மறு செருப்பையும் கழற்றி அதற்குள் போட முயன்றாள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தச் செருப்பைப் பிடுங்கினேன். மச்சாள் தட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதார். அந்த வாய்க்குள் முழுப் பிள்ளை போக முடியாதுதான். ஆனால் லயத்து வாசலில் ஓடப்போவது மலைவெள்ளம்.

உடை மாற்றிய கையோடு கைபேசியில், வைபரில், லயத்துச் செல்வியைக் கூப்பிட்டேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவம் லயத்தில் இருக்கிறது. செல்விதான் அதற்குப் பொறுப்பு.

"மூடுனா அடைச்சுக்கும் மேடம்" என்றாள் உடனே. "போன ஐப்பசியில நம்ம லயத்துப் பாலத்துக்கு அடியில எலையும் கட்டையும் அடைச்சு, தண்ணி லயத்துக்குள்ளயே வந்திருச்சே. எங்க வீட்டுச் சோத்துப் பானை மெதந்து பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சு."

"அப்ப திறந்து விடுவமா?"

"ஐயய்யோ! இங்க இருக்கிற வாலுங்கள யாரு புடிக்கிறது? எனக்கு முதுகுலயும் கண்ணு வேணும்."

"கம்பி வேலி போட்டா?"

"ஒரு மாசம் நிக்காது மேடம். எல்லார் வீட்டுலயும் கோழிக்கூடு ஆயிரும். முதக் கூடு எங்க வீட்டுலதான்." பிறகு, "ஏன் மேடம், இவ்வளவு படிச்சிருக்கீங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு சொல்லித் தரலையா?" என்றாள்.

திங்கட்கிழமை எலனிடம், மூடி வேண்டாம் என்றேன்.

"இரண்டு தடவை நீங்கள்தானே கேட்டீர்கள்?"

"ஓம், நான்தான்." சிரட்டைக் கதையைச் சொன்னேன். எங்கள் மலையில் சிரட்டை இல்லை. சவுக்கு இலை, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, குவாரிக்கு மேலே இருந்து உருண்டு வரும் கல், எல்லாம் இருக்கின்றன. மழைக்கு நடுவே அந்தத் தட்டியைத் துப்புரவாக்க அங்கே யார் இறங்குவார்கள்? செருப்புக் கதையையும் சொன்னேன். எலன் கையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு வெற்றுத்தாள் ஒன்றை இழுத்தார்.

அன்று நாங்கள் இருவரும் சாப்பாட்டையே மறந்து வரைந்தோம். நான் பென்சிலைப் பறிப்பேன், அவர் திருப்பிப் பறிப்பார். செங்குத்துச் சுவர் கொண்ட ஆழமான வாய்க்காலை அழித்தோம். அதற்குப் பதிலாக அகலமாக, ஆழம் குறைவாக, இருபுறமும் கல் பதித்த சாய்வாக ஒன்று. விழுந்த பிள்ளை எழும்பி நடந்து வெளியே வரலாம். மலை சரிவான இடத்தில் படிகள், தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து வேகம் குறைந்து வர. ஆனால் அகலத்துக்கு இடம் வேண்டும். குவாரிக்காரர்கள் உடைத்த கல்லை அடுக்கும் முற்றத்தில் ஒரு பட்டை வேண்டும். தொலைபேசியில் வந்த கம்பனி மேலாளர், "கல்லை நான் தலையிலா அடுக்குவது?" என்று கேட்டார்.  "லயத்துக்குள்ளே தண்ணீர் வந்தால் குவாரியையே நிறுத்த வேண்டி வரும், ஐயா" என்றேன்.  "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எலன் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து ஆட்டினார்.

"வேலி?" என்றார் பிறகு. கோழிக்கூட்டு விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியானால் வளரும் வேலி போடுங்கள். வேரோடு இருப்பதை யார் கழற்றிக்கொண்டு போவது? என்ன செடி?"

என்ன செடி?   எலனின் கணினியில் தேடினோம், எங்கள் மலைக்கு ஏற்ற செடி அதில் கிடைக்கவில்லை. மூடியைக் கைவிட்டது சரியா என்று அந்த இடத்திலேயே மறுபடி ஒரு தடவை பயந்தேன். ஆனாலும் திறந்த வாய்க்காலுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது கண்டிக்கு வந்துவிட்டேன். வாய்க்கால் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மலைநாட்டில், ஓடைக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எனக்குத் தேவையான செடி இதுதான்: அடியிலிருந்தே நெருக்கமாக வளர வேண்டும், தவழும் பிள்ளை நுழையாதபடி. பிள்ளையின் கண்ணைக் குத்தும் முள் இருக்கக் கூடாது. வாயில் வைத்தால் நஞ்சாகக் கூடாது. ஆடு தின்னக் கூடாது. இலை உதிர்த்து வாய்க்காலை நிரப்பக் கூடாது. ஆடாதோடையை ஆடு தொடாது, ஆனால் அந்தக் குளிரில் நெருங்கி வளருமா? வெட்டிவேர் மண்ணைப் பிடிக்கும். ஆதிரையைப் போன்ற ஒருத்தியைப் பிடிக்குமா? செம்பருத்தியை எல்லாரும் சொல்கிறார்கள், ஆடுகளும் அதைத்தான் சொல்கின்றன. மழைக்கு முன் நட வேண்டும். செல்வி நேற்றே கூப்பிட்டுவிட்டாள். தாய்மார் எல்லாரும் சேர்ந்து வரிசையாகக் குழி வெட்டி வைத்துவிட்டார்களாம். எதைக் கொண்டுவருகிறேன் என்று கேட்கிறாள்.